கோதண்டம் கழுவிய எஞ்சின்

கோதண்டத்துக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பென்னலூரில் அவரை அறிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்கு ஓடும்போது அவர் ஜெனரேட்டர் பக்கம் போய் நிற்பார். நெடுஞ்சாலையில் பஸ் நின்றுவிட்டால் டிரைவருக்கு முன்னால் இவர் இறங்கியிருப்பார். மாப்பிள்ளை அழைப்பின்போது மாப்பிள்ளையின் காரையே பிரித்துப் போட்டுவிட்டார் என்று அவர் மனைவி கனகம் ஒரு கதை சொல்வாள். அது பாதி பொய். அவர் கார்புரேட்டரை மட்டும்தான் கழற்றினார்.

பிளஸ் டூ முடித்த கையோடு விமானப் படையில் எஞ்சின் ஃபிட்டராகச் சேர்ந்தவர். ஜோத்பூர், தேஜ்பூர், கடைசியில் தாம்பரம். விமானத்தில் ஏறிப் பறந்தது குறைவு, அதன் வயிற்றுக்குள் கையை விட்டது அதிகம். சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது ஏரிக்கரை வரைக்கும் கம்பெனிகள் வந்திருந்தன. அவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் கனகம் வீட்டுக்கு மேலே மூன்று அறைகள் கட்டி, இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வேலைக்கு வரும் தென்காசி, திருநெல்வேலிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாடிப் பையன்களைத் திட்டித் திட்டியே கனகம் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டாள். தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்தால் ஒரு திட்டு, சாப்பிடாமல் ஷிஃப்டுக்குப் போனால் அதைவிடப் பெரிய திட்டு.

கோதண்டத்துக்கு ஒரகடம் பக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. விமான எஞ்சின் ஒன்று இன்னும் எத்தனை முறை பறக்கும், எப்போது கைவிடும் என்று முன்கூட்டியே சொல்கிற மென்பொருளை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதைச் செய்தவள் ஷாரோன். தண்டலத்துப் பெண். அங்கேயே ஒரு கல்லூரியில் படித்து, வெளியூர் போய் மேற்படிப்பு முடித்துவிட்டுத் திரும்பியவள். டீப் லேர்னிங் என்றால் என்ன என்று கோதண்டம் கேட்டபோது அவள் சிரிக்காமல், சலிக்காமல் விளக்கினாள். கம்ப்யூட்டருக்கு எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது. ஆயிரக்கணக்கான எஞ்சின்களின் வெப்பம், அழுத்தம், வேகம், அதிர்வு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அதற்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அது கண்டுபிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு புது எஞ்சினைக் காட்டினால், இதற்கு மிச்சம் இவ்வளவு என்று ஓர் எண்ணைச் சொல்லும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. உலகத்தில் யாரும் எஞ்சினைச் சாகும்வரை ஓட்டுவதில்லை. கொஞ்சம் சந்தேகம் வந்தாலே கழற்றிவிடுவார்கள். அதனால் கிடைக்கிற கதைகளுக்கெல்லாம் முடிவு இல்லை.

"நல்லா பாத்துக்கிட்ட எஞ்சின் எனக்கு எதையும் கத்துக் குடுக்காதுண்ணா," என்றாள் ஷாரோன். "யாரும் கை வைக்காம, தானா ஓடி முடிஞ்ச எஞ்சின் ஒண்ணு வேணும்."

அப்படி ஒன்றைக் கம்பெனி அரும்பாடுபட்டு வாங்கியது. ஆளில்லா விமானத்தில் இருந்து கழற்றிய ஒரு குட்டி ஜெட் எஞ்சின். ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்கிவிடலாம். கான்கிரீட் அறைக்குள் இரும்புச் சட்டத்தில் அதைப் பூட்டி, தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். கிளப்பு, வேகமாக்கு, குறை, நிறுத்து. ஒரு தடவை அப்படிச் செய்தால் ஒரு முறை பறந்ததாகக் கணக்கு. எரிபொருள் கொடுக்கலாம், எண்ணெய் குறைந்தால் ஊற்றலாம். அதற்கு மேல் எதையும் தொடக் கூடாது. கழுவக் கூடாது, முடுக்கக் கூடாது, மாற்றக் கூடாது. டெஸ்ட் பிரிவின் பொறுப்பாளர் வனமாமலை, நாங்குநேரிக்காரர், முதல் நாளே இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கோதண்டம் தலையாட்டினார். பிறகு ஷாரோனிடம் மட்டும், வைத்தியனை வரவழைத்துக் கையைக் கட்டிப்போடுகிற கதையாக இருக்கிறதே என்று சிரித்தார்.

அது தை மாதம். சித்திரையில் கனகத்துக்கு வயிற்றுவலி வந்தது.

முதலில் அல்சர் என்றார்கள். கண் மஞ்சளானபோது ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றினார்கள். ஆவணியில் அதையும் நிறுத்திவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வலிக்கு மாத்திரை தருகிறோம், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று கோதண்டம் கேட்டார். அதைச் சொல்வது கஷ்டம் என்று டாக்டர் அடுத்த ஃபைலை எடுத்தார்.

செய்ய ஒன்றுமில்லை என்பது கோதண்டத்துக்குப் பிடிபடாத வாக்கியம். கட்டிலின் தலைமாட்டை உயர்த்த ஒரு கீல் அடித்தார். கனகத்தின் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு அழைப்பு மணி வைத்தார். ஜன்னலுக்குக் கொசுவலை. பாத்ரூமில் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. எங்கோ ஒரு சித்த வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்தவாசிப் பக்கம் போய்ச் சூரணம் வாங்கிவந்தார். கனகம் அதை ஒரு வேளை சாப்பிட்டு இரண்டு வேளை வாந்தி எடுத்தாள்.

"இன்னாய்யா நீ, வூட்டையே ஒர்க்ஷாப் ஆக்கிக்கினு கீற," என்றாள். "எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். வந்து பக்கத்துல குந்து. அது போதும்."

குந்தினார். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம்தான். வலி வந்து அவள் முகம் சுருங்கியது. சத்தம் போடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாத்திரை கொடுத்தாயிற்று, அது வேலை செய்ய நேரம் ஆகும், அதுவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கோதண்டத்தின் கை தானாக விலகியது. கதவுக் கீல் கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட்டு வருகிறேன் என்று எழுந்தார். கனகம் அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் தினமும் கேட்டாள். தினமும் அவர் உட்கார்ந்தார். தினமும் ஏதோ ஒரு வேலை அவரை எழுப்பியது. கனகத்தின் தங்கை கிளியம்மாள் செங்கல்பட்டில் இருந்து வந்து தங்கியதும், ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் அவர் கம்பெனியில் ஓ.டி. பார்க்க ஆரம்பித்தார். லீவு மிச்சம் பிடிக்கிறேன், பின்னால் தேவைப்படும் என்று காரணம் சொன்னார். கனகம் அதை நம்பவில்லை. பழகிப்போனவள்.

"உன் எஞ்சின் எப்டி கீது?" என்று மட்டும் கேட்பாள்.

எஞ்சினும் நன்றாக இல்லை. வெளிவரும் புகையின் வெப்பம் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. ஷாரோனின் திரையில் மிச்சம் என்று காட்டும் எண் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது சந்தோஷம். அந்த மென்பொருளுக்காக அவள் பழக்கிய மாடல் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது. கோதண்டம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வேறொன்றைப் பார்த்தார். காற்றை உள்ளே இழுக்கும் வாயின் ஓரத்தில் கறுப்பாக அழுக்குப் படிந்திருந்தது. ஒரகடத்துப் புழுதி. லாரி போகும் சாலையோரத்தில் மாதக்கணக்காகக் கழுவாமல் ஓடினால் வேறெப்படி இருக்கும். கிளம்பும்போது மூச்சு வாங்குவது போல ஓர் இழுப்பு. விமானப் படையில் இப்படி ஓர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அவரைத் தண்டனையாகக் காவல் அறைக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆயுத பூஜை வந்தது.

அந்த வட்டாரத்தில் ஆயுத பூஜை என்றால் எல்லா லைனும் நிற்கும். முந்தின நாளே பிரஸ் மிஷினில் இருந்து டீ டிராலி வரைக்கும் கழுவித் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கதம்பம் சாத்துவார்கள். கோடிக்கணக்கில் விலை போகும் ரோபோவின் கையிலும் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கும். டெஸ்ட் அறையைச் சுத்தம் செய்கிற வேலை கோதண்டத்துக்கு வந்தது. கம்ப்யூட்டர்களை எல்லாம் அணைத்துச் சந்தனம் தெளித்துவிட்டு, ஷாரோனும் வனமாமலையும் மற்றவர்களோடு பொரியும் சுண்டலும் பங்கிடப் போய்விட்டார்கள்.

கோதண்டம் தரையைக் கழுவினார். கண்ணாடியைத் துடைத்தார். இரும்புச் சட்டத்தைத் துடைத்தார். எஞ்சினின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் ஒற்றினார். துணி கறுப்பாக வந்தது. உள்ளே இதைவிட எவ்வளவு இருக்கும் என்று நினைத்தார். நினைத்தபோதே கை வேலையைத் தொடங்கிவிட்டது. காய்ச்சி வடித்த தண்ணீரில் சோப்புக் கரைசலைக் கலந்து, எரிபொருளை மூடிவிட்டு, ஸ்டார்ட்டரால் எஞ்சினை வெறுமனே சுழலவிட்டு, அதன் வாயில் மெல்லப் பீய்ச்சினார். நிறுத்தி ஊறவிட்டார். மறுபடி நல்ல தண்ணீர். பின்பக்கத்தில் கறுப்பாக ஒழுகியது, அப்புறம் பழுப்பாக, அப்புறம் தெளிவாக. இருபது வருஷம் செய்த வேலை. தொடக் கூடாது என்பது அவருக்கு மறக்கவில்லை. பூஜைக்குத்தானே கழுவுகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வாளியைக் கவிழ்த்துவிட்டு எஞ்சினுக்குப் பொட்டு வைத்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு அவர் மனசு லேசாக இருந்தது.

விடுமுறை முடிந்து ஓட்டியபோது வெப்பம் இறங்கியிருந்தது. திரையில் மிச்சம் என்று காட்டும் எண் ஏறியிருந்தது. வனமாமலை கன்னத்தில் போட்டுக்கொண்டு, சரஸ்வதி நம்ம கம்ப்யூட்டருக்குள்ளேயே இறங்கிட்டா என்று கிண்டலடித்தார். ஷாரோன் சிரிக்கவில்லை. வெப்பமானியை மாற்றிப் பார்த்தாள், ஒயரைச் சோதித்தாள், மாடலைத் திரும்ப முதலில் இருந்து பயிற்றுவித்தாள். எப்படிப் பார்த்தாலும் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது என்றது மாடல். வெளியே தெரியும் அடையாளங்களை வைத்துத்தானே அது பேச முடியும். கோதண்டத்தின் வாயில் சொல் வந்து வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்த்தால் திரும்பிப் போயிற்று.

வீட்டில் கனகத்திடம் மட்டும், எண் ஏறிவிட்டது என்றார். அவள் அப்போது கஞ்சியும் இறங்காத நிலையில் இருந்தாள்.

"நல்லா இருக்கட்டும்," என்றாள். "இங்க குந்து."

அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்தார். மாடியில் இருந்து பேச்சிராஜ் என்ற பையன், அக்காவுக்கு இளநீர் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று குரல் கொடுத்தான். சீவினது சரியில்லை என்று அரிவாளை வாங்கிக்கொண்டு கோதண்டம் வெளியே போனார்.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு நாள், பெங்களூரில் இருந்து வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அவர்கள் சரி என்றால்தான் அந்த மென்பொருளுக்கு வாழ்வு. ஷாரோன் புதுச் சேலையில் வந்திருந்தாள். எஞ்சினுக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது என்று திரை காட்டியது. அவள் அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிச்சத்தம். டர்பைன் தகடு ஒன்று முறிந்து, அது மற்றவற்றை அடித்து, எஞ்சின் தானாக நின்றது. அறைக்குள் புகை. யாருக்கும் அடியில்லை. வந்தவர்களில் ஒருவர் திரையைப் பார்த்தார். அதில் எண் அப்படியே இருந்தது. அவர்கள் மரியாதையாக டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை எஞ்சினைப் பிரித்தார்கள். பின்பக்கம் டர்பைன் சிதறிக் கிடந்தது. முறிந்த தகட்டில் இருந்த விரிசல் மாதக்கணக்காக வளர்ந்திருக்க வேண்டும். முன்பக்கத்தில் காற்றை அமுக்கும் தகடுகள் பளிச்சென்று இருந்தன. பத்து மாதம் கழுவாமல் ஓடியதாகச் சொல்லப்பட்ட எஞ்சின். வனமாமலை ஒரு தகட்டின் மேல் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். பிறகு கோதண்டத்தைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இது," என்றார். கத்தவில்லை. "எம்.டி. மத்தியானம் வாராரு. அவருக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அவர் போனபின் ஷாரோன் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுக்கு ஏறியதால் வந்த சூடும் விரிசலால் வந்த சூடும் சேர்ந்துதான் அவள் மாடலுக்குப் பேசிக்கொண்டிருந்தன. அழுக்கை எடுத்ததும் சூடு இறங்கியது, விரிசல் உள்ளே ஒளிந்துகொண்டது. இதைச் சொல்லிமுடிக்கும்போது அவள் குரல் உடைந்தது.

"எனக்கு இருந்தது இந்த ஒண்ணுதான்ணா. ஏன் தொட்டீங்க?"

"அழுக்கா இருந்துச்சுமா."

"தொடக் கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும். அது மூச்சு வாங்குது, நான் பாத்துக்கினே நிக்கணும்னா என்னால முடியலமா. வூட்லயும் அதே. இங்கயும் அதே."

வீட்டில் என்ன என்று கேட்டாள். அவர் கம்பெனியில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்பதையும் சொன்னார். ஷாரோன் எழுந்துவிட்டாள்.

"அக்கா அப்படி இருக்காங்க, நீங்க இன்னாண்ணா இங்க நின்னுக்கினு கீறீங்க?" படித்த பேச்சு நழுவித் தண்டலத்துப் பேச்சு வந்தது. "எஞ்சின் போச்சு, போவட்டும். எம்.டி. கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க கெளம்புங்க."

கோதண்டம் கிளம்பியிருக்கலாம். பைக் வாசலில்தான் நின்றது. நான் செய்ததை நான்தான் சொல்ல வேண்டும், இன்னொருத்தி தலையில் அதைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்றார். அது நியாயமான பேச்சு. ஆனால் அவருக்கே தெரியும், அந்த நியாயத்துக்குள் ஒரு நிம்மதி இருந்தது. எம்.டி. வரும்வரை எஞ்சினின் துண்டுகளை வரிசையாக அடுக்கி வைக்கலாம். எதை எப்படிக் கழுவினேன் என்று காட்டலாம். செய்ய வேலை இருந்தது.

எம்.டி. வர நேரமானது. வந்தவர் நிறையக் கேட்டார். கோதண்டம் எதையும் மறைக்கவில்லை. வேலை போகுமா என்பதைப் பிறகு சொல்வதாகச் சொன்னார். டெஸ்ட் பகுதிக்குள் போன் கொண்டுபோக அனுமதியில்லை. லாக்கரைத் திறந்தபோது கிளியம்மாள் விடாமல் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. பேச்சிராஜும் கூப்பிட்டிருந்தான்.

ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஷிஃப்ட் பஸ்கள் விளக்கைப் போட்டிருந்தன. பைக்கை மண்ணில் இறக்கி ஓட்டி அவர் வீடு சேர்ந்தபோது வாசலில் மாடிப் பையன்கள் நின்றார்கள். அவருக்கு வழிவிட்டார்கள். கனகத்துக்கு மூச்சு இருந்தது. கண் மூடியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார். கையை அழுத்திப் பார்த்தார். இமை அசையவில்லை.

கிளியம்மாள் கதவோரம் நின்றாள்.

"காத்தால நல்லா முழிச்சிக்கினு இருந்துச்சு மாமா. வலிகூட இல்லன்னுச்சு. தலைய வாரி விடுன்னு கேட்டுச்சு. நீ வந்தா குந்துறதுக்கு எடம் வேணும்னு தானே சுவரோரமா தள்ளிப் படுத்துக்கிச்சு." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மத்தியானம் வரைக்கும் அப்டியே படுத்துக்கினு இருந்துச்சு."

கட்டிலில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. கோதண்டம் அதில் உட்கார்ந்தார்.

மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. டாக்டருக்குப் போன் போடவா என்று பேச்சிராஜ் கேட்டான். கோதண்டம் வேண்டாம் என்று தலையசைத்தார். தன்னுடைய பெரிய, எண்ணெய்க்கறை போகாத கைகளுக்குள் அவள் கையை வைத்துக்கொண்டார். நான்தான், குந்திக்கினேன் என்று இரண்டு மூன்று தடவை அவள் காதருகே சொன்னார். அது அவளுக்குக் கேட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. பொழுது விடிந்து பால்காரர் வந்து போன பிறகு, அடுத்த மூச்சு வரவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் வேலை குவிந்தது. பந்தல் போட வேண்டும், நாற்காலி இறக்க வேண்டும், மின்சாரம் இழுக்க வேண்டும், சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், சாலையில் வண்டிகளை ஒதுக்கிவிட வேண்டும். பந்தல்காரன் கொம்பு நடும் இடம் சரியில்லை என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசிக்கொண்டார்கள். பந்தல் விளக்குப் பெட்டிக்கு ஃபியூஸ் போய்விட்டது. வெளியே யாரோ கோதண்டத்தைக் கேட்டார்கள். அவர் வந்தால் ஒரு நிமிஷத்தில் ஆகிவிடும் என்றார்கள். ஒரு பெரியவர் உள்ளேயே வந்து, எழுந்து வாப்பா, ஆம்பளை நீ இப்படி இருந்தா வேலை எப்படி நடக்கும் என்று தோளைத் தொட்டார்.

"வுடுங்க," என்றாள் கிளியம்மாள். "அவரு குந்தட்டும்."

மதியம் ஷாரோன் வந்தாள், வனமாமலையோடு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடத்தில் கனகத்தைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் வெறுந்தரையில் கோதண்டம் சம்மணமிட்டு, கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் அழுதபடி வந்தார்கள், அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாலை வாங்கி வைக்க, ஊதுபத்தி மாற்ற, ஈ ஓட்ட என்று எத்தனையோ கைகள் குறுக்கே நீண்டன. அவர் கை எதற்கும் நீளவில்லை.